ஊசியால் வந்த வீக்கம் ஊசியால் வடியுமா?

மனித சரீரத்தின் அவயவங்களுள் வீக்கத்தை மறைத்துக்கொள்ளத் தெரியாதது முகம். காலில் நீர் கோத்துக்கொண்டால் வேட்டியோ புடவையோ அதை மூடிவிடும். முகத்திலோ, அதிலும் முக்கியமாகக் கண்ணிமையில், தோல் சுமார் அரை மில்லிமீட்டர் கனமே உள்ளதாகவும் அதன் அடித்திசு தளர்ந்ததாகவும் இருப்பதால், இரவில் சற்று உப்பு மிகுந்த உணவை உண்டாலும் காலையில் கண்ணாடி அதைச் சொல்லிவிடுகிறது. இத்தகைய நுட்பமான இடத்தில் சுருக்கத்தைப் போக்கவும் பள்ளத்தை நிரப்பவும் ஊசி மருந்துகளைச் செலுத்திக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவிய பிறகு, "முகம் உப்பிப் போயிற்றே, எப்போது வடியும்?" என்ற கேள்வியும் அதன் கூடவே பரவிவிட்டது. அதற்குச் சீன வைத்தியத்தின் ஊசி குத்தும் முறையான அக்குபங்சர் துணை செய்யும் என்று பல சிகிச்சை நிலையங்கள் இன்று சொல்லி வருகின்றன. அந்தக் கூற்றை எடை போடுமுன், வீக்கம் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடக்கும் வெவ்வேறு சங்கதிகளைப் பிரித்தறிவது அவசியம்; இந்த விஷயத்தில் நிலவும் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் உற்பத்தியாகிறது.

முகத்துக்குள் எதையேனும் செலுத்தி அதன் வடிவை மாற்றும் ஆசை புதிதன்று. 1899ஆம் வருஷம் வியன்னா நகரத்து அறுவை வைத்தியர் ராபர்ட் கெர்சூனி வாஸ்லீனை உடலுக்குள் செலுத்திக் காட்டிய முறை, சில வருஷங்களுக்குள் பாரஃபின் மெழுகை மூக்கிலும் கன்னத்திலும் ஏற்றிக்கொள்ளும் மோகமாக வளர்ந்தது. மெழுகு இடம் பெயர்ந்தும், கட்டிகளாகத் திரண்டும், சிலருடைய பார்வையையே பறித்தும் தன் சுபாவத்தைக் காட்டிய பிறகுதான் அந்த மோகம் தணிந்தது. பின்னர் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் வந்தது. அமெரிக்க அரசாங்கம் 1981இல் அதற்கு அனுமதி வழங்கிற்று. இன்று அந்த ஸ்தானத்தில் வீற்றிருப்பது ஹயலூரானிக் அமிலம் என்ற கூழ்ப்பொருள். கொலம்பியா சர்வகலாசாலையில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934இல் மாட்டுக் கண்ணின் உட்கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். எண்ட்ரே பாலாஷ் என்ற ஹங்கேரிய விஞ்ஞானி சேவற்கொண்டையிலிருந்து அதைத் தூய நிலையில் தயாரித்துக் கண் அறுவை சிகிச்சைக்கு உதவச் செய்தார். 1996இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் அது முகச்சுருக்கத்துக்கு உரிய ஊசியாக அங்கீகாரம் பெற்றது. இப்போது சேவலுக்கு இதில் வேலை இல்லை. பாக்டீரியாக்களை நொதிக்கச் செய்து இதைத் தயாரிக்கிறார்கள். சீனாவின் ஷான்டோங் மாகாணத்து ஜீனான் நகரம் அத்தொழிலின் பெரிய கேந்திரம். ஆக, வீக்கத்தைத் தரும் கூழும் அதை வடிக்கும் என்று சொல்லப்படும் ஊசியும் ஒரே தேசத்திலிருந்து வரக்கூடும் என்பது ஒரு வேடிக்கைதான்.

இந்தப் பொருளின் பிரதான குணம் தண்ணீரின்மேல் உள்ள தீராத பற்று. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருடைய உடம்பில் சுமார் 15 கிராம் ஹயலூரானிக் அமிலம் இயற்கையாகவே இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் சிதைந்து புதிதாக உண்டாகிறது. இவ்வளவு விரைவில் அழியும் ஒன்றை முகத்தில் செலுத்திப் பயனில்லையென்பதால், ரசாயனப் பிணைப்புகளால் அதன் இழைகளைக் கட்டி, பல மாதங்கள் நிலைத்திருக்கும் கூழாக்கிவிடுகிறார்கள். சிலருடைய முகத்தில் அது பல வருஷங்களுக்குப் பின்னும் இருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. கட்டுண்டாலும் தாகம் அதற்குப் போய்விடுவதில்லை. உள்ளே சென்ற கூழ் சுற்றுப்புறத்து நீரை ஈர்த்துச் சற்றே பெருக்கிறது.

ஊசி போட்ட மறுநாள் காணும் வீக்கத்துக்கோ இந்தக் கூழ் மட்டும் காரணமன்று. ஊசிமுனை திசுவைக் கிழித்துச் செல்லும்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் வெளிப்பட, நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. குழாய்க்குள்ளிருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுவதும், ரத்தத்திலுள்ள புரதம் அதை உள்ளே இழுப்பதுமாக நடக்கும் போராட்டத்தை 1896இலேயே எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் விளக்கிவிட்டார். கசிவு மிகும்போது அந்தச் சமநிலை குலைந்து, மிச்ச நீரை வாரிக்கொண்டு போகும் பொறுப்பு நிணநீர்க் குழாய்களின் தலையில் விழுகிறது. உதட்டிலே இந்த வீக்கம் அதிகமாகவும் கன்னத்திலே குறைவாகவும் தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் இறங்கத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். இந்தக் காலக்கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

தானாகப் போகாத வீக்கமும் ஒன்று உண்டு. கீழிமைக்கும் கன்ன எலும்புக்கும் இடையே, கண்குழி எலும்பின் விளிம்பிலிருந்து புறப்பட்டுக் கன்னத்துத் தோலில் சென்று சேரும் மெல்லிய சவ்வுத் தடுப்பு ஒன்று இருப்பதை ஜோயல் பெஸ்ஸா என்ற அமெரிக்க அறுவை வைத்தியரும் அவருடைய சகாவும் 1997இல் வெளியிட்டார்கள். கண்ணில் அடிபட்டவருக்கு ரத்தக்கன்றல் கன்னத்துப் பாதியிலே கோடு கிழித்தாற்போல் நின்றுவிடுவதற்கும், சிலருக்கு வயதான காலத்தில் கன்னமேட்டில் பைபோல் ஒரு புடைப்பு உண்டாவதற்கும் அந்தத் தடுப்பே காரணம். திரவம் அதைத் தாண்டிக் கீழே இறங்குவது கடினம். அதற்கு மேலே, தோலுக்கு மிக அண்மையில் கூழைச் செலுத்திவிட்டால், கூழ் தானும் நீரை ஈர்த்து, ஏற்கெனவே மெதுவாக ஓடும் நிணநீரையும் நெருக்கி, மாதக்கணக்கில் விடியற்காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் தோன்றும் உப்பலை உண்டாக்கும். தேர்ந்த வைத்தியர்கள் ஆழத்தில், எலும்பையொட்டி, சிறுகச் சிறுகச் செலுத்துவதன் ரகசியம் இதுதான். இந்த உப்பலுக்கு உரிய மாற்று ஹயலூரானிடேஸ் என்ற நொதி. அதைச் செலுத்தினால் கூழ் ஓரிரு நாட்களில் கரைந்துவிடும். தேனீயின் கொடுக்கு விஷத்திலும் இதே இனத்து நொதி இருப்பதால், தேனீ கொட்டி ஒவ்வாமை கண்டவர்கள் அதை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

மேற்சொன்னவையெல்லாம் கூழ் ஊசியினால் வருபவை. போடாக்ஸ் என்று ஜனங்கள் சொல்லும் ஊசியோ வேறு ஜாதி. வான்கூவர் நகரில் கண் வைத்தியரான ஜீன் கருதர்ஸ் என்ற அம்மையார், இமைத்துடிப்புக்காக அந்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்களின் புருவமத்திச் சுருக்கம் மறைவதைக் கண்டு, தோல் வைத்தியரான தம் கணவருடன் சேர்ந்து 1992இல் அதை வெளியிட்டார். கெட்டுப்போன உணவுச் சீசாவில் பிறக்கும் அந்தக் கொடிய விஷம் சௌந்தரிய சாதனமானது அப்படித்தான். அது நீரை ஈர்ப்பதில்லை; நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் சுரக்கவிடாமல் தடுத்துத் தசையை ஓயச் செய்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள வட்டத்தசை ஒவ்வோர் இமைப்பிலும் நிணநீரைச் சற்றே பிழிந்து தள்ளும் சேவையையும் செய்து வருவதால், அதை அளவுக்கு மேல் ஓயவைத்தவருக்குக் கீழிமை உப்பக்கூடும். கரைக்கும் மருந்து இதற்கு இல்லை. மூன்று நான்கு மாதங்களில் மருந்தின் வீரியம் தணியும்போது இதுவும் தணியும்.

இனி அக்குபங்சருக்கு வருவோம். சீன வைத்தியம் நீர்வீக்கத்தைப் பற்றி இரண்டாயிரம் வருஷமாகச் சிந்தித்து வந்திருக்கிறது. ஹான் வம்சத்து இறுதிக்காலத்தில், கி.பி. 200ஐ ஒட்டி, ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் நீர்வீக்கங்களை வகைப்படுத்தி, இடுப்புக்குக் கீழே வீங்கினால் சிறுநீரைப் பெருக்கவும், இடுப்புக்கு மேலே வீங்கினால் வியர்க்கச் செய்யவும் விதித்தார். மண்ணீரல் உடம்பின் ஜலத்தைப் பக்குவப்படுத்தி எடுத்துச் செல்கிறதென்றும், நுரையீரல் அதை எங்கும் பரப்புகிறதென்றும், சிறுநீரகம் அதை ஆளுகிறதென்றும், இவற்றுள் எது சோர்ந்தாலும் நீர் தேங்குமென்றும் அவர்கள் கொள்கை. ஆகையால் முகம் உப்பியவருக்கும் அவர்கள் முகத்தில் மட்டும் குத்துவதில்லை. முழங்காலுக்குக் கீழே உள்புறத்திலுள்ள யின்லிங்சுவான், வெளிப்புறத்திலுள்ள ஜுசான்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முகநோய்களுக்கெல்லாம் உரியதாகக் கருதப்படும் ஹெகு, தொப்புளுக்குச் சற்று மேலேயுள்ள ஷுயிஃபென் ஆகிய ஸ்தானங்களை நாடுகிறார்கள். இந்த ஸ்தானங்களை மாணவர்களுக்குக் கற்பிக்க 1027இலேயே வாங் வெய்யீ இரண்டு வெண்கல மனித உருவங்களை வார்த்தார். அதே தேசத்தில் 1822இல் தாவ்குவாங் சக்கரவர்த்தி அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து இக்கலையை நீக்கிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழமை என்பது இடையறாத மரியாதை என்று எண்ணுவோருக்கு அது நல்ல மருந்து.

நீர் பெருகியதால் அன்று, எடுத்துச் செல்லும் வழி சோர்ந்ததால் வீக்கம் வருகிறதென்ற அந்தப் பழங்கருத்து, இன்றைய நிணநீர்ச் சாஸ்திரத்தின் பக்கத்தில் வந்து நிற்பது உண்மை. அதனால் அவர்கள் நிணநீரையே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது, நம்மவர்களில் சிலர் புராணத்தில் ஆகாய விமானத்தைக் கண்டதற்கு ஒப்பான காரியம். ஒரு கருத்து அழகாயிருப்பது வேறு, அதன்படி குத்திய ஊசி வீக்கத்தை வடிப்பது வேறு. பின்னதைப் பரிசோதனை ஒன்றினாலேயே அறியலாகும்.

அழகு ஊசியின் வீக்கத்துக்கு நெருங்கிய உறவான வேறொரு வீக்கத்தில் அத்தகைய பரிசோதனை நடந்திருக்கிறது. மார்புப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றிக்கொண்ட பெண்களுக்குக் கை வீங்கி நிலைத்துவிடுவதுண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில், அத்தகைய 33 பெண்களுக்கு நான்கு வாரங்களில் எட்டு முறை ஊசி வைத்துப் பார்த்ததில், 11 பேருக்கு வீக்கம் நூற்றுக்கு முப்பது பங்கோ அதற்கு மேலோ குறைந்ததென்று 2013இல் வெளியிட்டபோது பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அதில் ஊசி வைக்காத கூட்டத்தார் ஒருவரும் இல்லை. அதே மருத்துவமனை, 82 பெண்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு ஊசி வைத்தும் மறு கூறுக்கு வைக்காமலும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட முடிவில், இரண்டு கூறுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. தங்கள் பழைய நம்பிக்கையைத் தாங்களே சோதித்து, முடிவு எதிராக வந்தும் ஒளிக்காமல் அச்சிட்ட அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வலியின் கதை சற்று வேறு. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர் 1162 பேரைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியான ஆராய்ச்சியில், முறைப்படி ஊசி வைத்தவர்களில் 47.6 சதவீதமும், ஸ்தானம் தவறிய இடங்களில் மேலெழுந்தவாரியாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2 சதவீதமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதமும் நிவாரணம் கண்டார்கள். ஊசி வைப்பதும், அரைமணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் அக்கறையுடன் கவனிப்பதும் வேதனையைக் குறைக்கின்றன. எந்தப் புள்ளியில் குத்துவது என்பது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன காலக்கணக்கு இங்கேதான் உதவுகிறது. முகம் உப்பிக் கலங்கியவர், வீக்கம் உச்சத்தில் இருக்கும் இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ அக்குபங்சர் வைத்தியரைத் தேடிப் போகிறார். இரண்டு மூன்று முறை ஊசி வைத்துக்கொள்வதற்குள், எப்படியும் வடிய வேண்டிய வீக்கம் வடிந்துவிடுகிறது. புகழ் ஊசிக்குப் போகிறது. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. வைத்தியரும் மனப்பூர்வமாக நம்புகிறார், வந்தவரும் நம்புகிறார். முதல் இரண்டு வாரத்து வீக்கத்தில் மனக்கவலையும் நோவும் தீர வேண்டுமென்று, கையிலும் காலிலும் உள்ள ஸ்தானங்களில் புதிய, கிருமி நீக்கிய ஊசிகளால் தேர்ந்த ஒருவரிடம் செய்துகொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூழ் இருக்கும் முகப்பகுதியில் அந்த நாட்களில் ஊசி குத்துவதும், அழுத்திப் பிடித்துவிடுவதும், ஆவி பிடிப்பதும் கூடாது. புதிய காயத்தில் ரத்தக்கன்றலையும் கிருமியையும் சேர்ப்பதும், கூழை இடம் பெயரச் செய்வதும், போடாக்ஸை அண்டைத் தசைக்குப் பரப்புவதும் அதனால் நேரக்கூடும். கன்னமேட்டில் தங்கிவிட்ட கூழையோ, கட்டுண்ட இழைகளையோ காலில் வைத்த ஊசி கரைக்காது. பல வாரங்கள் கழித்துக் காய்ச்சலுடனோ தடுப்பூசிக்குப் பின்னரோ திடீரென்று எழும் வீக்கம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கூழின்மேல் பாய்வதனால் வருவது. சிவந்து சூடாகிக் கட்டியாக நிலைத்தால் அதையும் ஊசி போட்ட வைத்தியரே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது வீக்கமே அன்று. கூழ் தவறி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால், தோல் வெளுத்தோ வலைபோல் கருநீலம் படர்ந்தோ, வீக்கத்துக்குப் பொருந்தாத கடும் வலியோடு தோன்றும். கண்ணுக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பார்வை நிமிஷக்கணக்கில் போகும். அப்போது அக்குபங்சரையோ மறுநாள் காலையையோ எதிர்பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆகையால் முகத்தில் ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர்கள், போடப்போகும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; அதைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் அந்த இடத்திலேயே இருப்பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்; இல்லையென்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.