விஸ்பீச் நூதனசாலையில் ஒரு மரப்பெட்டி

லண்டனுக்குப் போகும் நம்மவர்கள் மெழுகுச் சிலைகளையும் பெரிய நூதனசாலையையும் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் பை நிறைய வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதே வழக்கம். கேம்பிரிட்ஜ் மாவட்டத்தின் வடக்கே, நீன் ஆற்றங்கரையிலுள்ள விஸ்பீச் என்ற பழைய சந்தை நகரை நினைப்பவர் மிகச் சிலரே. 1968க்குப் பின் அங்கு பயணிகள் ரயிலும் இல்லை. பீட்டர்பரோவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

மாதா கோவிலை அடுத்து 1847ல் கட்டப்பட்ட நூதனசாலை இருக்கிறது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் தம் கைப்பட எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் மூலப்பிரதி இங்குதான் உள்ளது. இலக்கியப் பிரியர்கள் அதற்காகவே வருகிறார்கள். எனக்கென்னவோ, அதைவிட ஒரு மரப்பெட்டியே பெரிதாகப் படுகிறது.

பெட்டிக்குரியவர் தோமஸ் கிளார்க்சன். 1760ல் இதே ஊரில், பாடசாலை அதிபர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஆறு வயதில் தகப்பனை இழந்தவர். 1785ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. ஒருவரை அவரது விருப்பத்திற்கு மாறாக அடிமையாக்குவது ஆகுமா என்பதே கேள்வி. பரிசு வாங்கும் ஆசையில்தான் எழுதத் தொடங்கினார். ஆனால் தேடிப் படித்த விடயங்கள் அவரை உறங்கவிடவில்லை. பரிசு கிடைத்தபின் லண்டன் போகும் வழியில் குதிரையை விட்டிறங்கி, இது உண்மையானால் யாராவது இதற்கு முடிவு கட்டியாக வேண்டுமே என்று பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகு துறைமுகம் துறைமுகமாக அலைந்தார். மாலுமிகளிடம் வாக்குமூலம் எடுத்தார். லிவர்பூல் கடையொன்றில் கைவிலங்கையும், உண்ண மறுக்கும் அடிமைகளின் வாயைப் பலவந்தமாகத் திறக்கும் கருவியையும் விலைக்கு வாங்கினார். அத்துடன் ஆபிரிக்க நெசவுத் துணி, விதைகள், தோல் வேலைப்பாடுகள் போன்றவற்றைச் சேர்த்துப் பெட்டியில் அடுக்கினார். இத்தனை திறமையுள்ள மக்களோடு பொருள் வியாபாரம் செய்யலாமே, மனிதரை ஏன் விற்க வேண்டும் என்பது அவர் வாதம். போகுமிடமெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டினார்.

1791ல் பாராளுமன்றம் அடிமை வியாபாரத் தடை மசோதாவைத் தோற்கடித்தது. அப்போது போராட்டத்தை அடுப்படிக்குக் கொண்டு போனவர்கள் பெண்கள். வாக்குரிமை இல்லாத அவர்கள், அடிமைகள் விளைவித்த சீனி எங்கள் தேநீருக்கு வேண்டாம் என்று நிறுத்தினார்கள். சுமார் 3 இலட்சம் பேர் சீனியைக் கைவிட்டதாக கிளார்க்சன் கணித்தார். 1807ல் வியாபாரம் தடைசெய்யப்பட்டது.

அடிமையை விடுவிப்பதைப் பெரும் நன்மையாக ஸூரத்துல் பலதில் ஓதுபவர்கள் நாம். ஹஸ்ரத் பிலால் (ரழி) அவர்களை விலை கொடுத்து விடுவித்த அபூபக்ர் (ரழி) அவர்களின் சரிதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள். அப்படியிருந்தும் கிழக்காபிரிக்கக் கரையில் மனிதரைப் பிடித்து விற்றவர்களில் முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள். இந்தப் பெட்டியின் முன் நின்று வெள்ளையரை மட்டும் ஏசிவிட்டுப் போக மனம் இடம் தராது.

ஊர் நடுவே நீதிக்கு எழுப்பிய கோபுரம் போல கிளார்க்சனின் நினைவுச் சின்னம் நிற்கிறது. சிலையின் கையில் விலங்கு.

இன்னொரு விடயம். 1833ல் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. எசமானர்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு. அடிமைகளுக்கோ ஒரு சதமும் இல்லை. அச்சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். எமது தீவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844ல்தான். அப்போது கிளார்க்சனுக்கு 84 வயது.