சிங்கம் அல்லாத பெருஞ்சிங்கம்

'சிம்பாகுப்வா' என்றால் சுவாஹிலி மொழியில் 'பெருஞ்சிங்கம்' என்று பொருள். ஆனால், இப்பெயரைத் தாங்கிய விலங்கு சிங்கமும் அன்று. சிங்கத்தின் முன்னோரும் அன்று. ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய கென்யாவில் வாழ்ந்து மறைந்த ஊனுண்ணிப் பாலூட்டி இது.

இழுப்பறையில் உறங்கிய தாடை

பண்டைய வாலில்லாக் குரங்குகளின் எச்சங்களைத் தேடிய ஆய்வாளர்கள், 1978க்கும் 1980க்கும் இடையே மேற்குக் கென்யாவின் மெஸ்வா பாலம் என்னுமிடத்தில் இதன் புதைபடிவங்களை அகழ்ந்தெடுத்தனர். தாடைகளும் பற்களும் சில எலும்புகளும் நைரோபி அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. மேத்தியூ போர்த்ஸ், நான்சி ஸ்டீவன்ஸ் ஆகியோர் அவற்றை ஆராய்ந்து, 2019இல் புதிய பேரினமாக அறிவித்தனர். அதன் எடையைச் சில நூறு கிலோ முதல் 1,500 கிலோ வரை பலவாறாகக் கணிக்கின்றனர்.

பற்கள் சொல்லும் உண்மை

இது சிங்கம் அன்று என்பதை எவ்வாறு அறிந்தனர்? பற்களே சான்று. பூனை, நாய், கரடி ஆகியவற்றின் குலத்தில், வாயின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழுமாக ஓர் இணைப் பற்கள் மட்டுமே கத்தரிக்கோல் போல் இறைச்சியை வெட்டும். சிம்பாகுப்வா சேர்ந்த ஹையனோடான்ட் பிரிவிலோ, பக்கத்துக்கு மூன்று இணைகள்! இறைச்சியைத் துண்டாட இதைவிடச் சிறந்த கருவி ஏது?

அந்தச் சிறப்பே ஒரு தளையாகவும் அமைந்திருக்கலாம். ஓர் இணை மட்டும் கொண்ட குலத்தில், பின்னுள்ள கடைவாய்ப் பற்கள் அரைக்கும் பற்களாக மாற இடமிருந்தது. அதனால்தான் கரடி கிழங்கும் பழமும் தின்று பிழைக்கிறது. கடைவாய்ப் பற்கள் அனைத்தும் கத்தியாகிவிட்ட விலங்குக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. தட்பவெப்பம் மாறியது, காடுகள் சுருங்கிப் புல்வெளிகள் பெருகின, ஆப்பிரிக்கா யூரேசியாவோடு இணைய, புதிய போட்டியாளர்கள் நுழைந்தனர். ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஹையனோடான்ட் குலமே மறைந்தது. இதில் எது முதன்மைக் காரணம் என்ற ஆய்வு தொடர்கிறது.

இன்று அக்குலத்திற்கு வாரிசு எதுவும் இல்லை. எஞ்சியவை எலும்புகளும் பற்களுமே. அவையும் ஒருவர் இழுப்பறையைத் திறந்து கூர்ந்து நோக்கியதால்தான் பேசின. நம் அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் இன்னும் எத்தனை உண்மைகள் உறங்குகின்றனவோ! அவற்றைத் திறக்கும் கைகளுள் நம் மாணவர்களின் கைகளும் இருக்கட்டும்.