பழைய கூட்டத்தில் புதிய கோழிகள்

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழிகளை வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. மைசூரு நகரை அடுத்த சிற்றூர்களிலும், நஞ்சன்கூடு, ஹுன்சூர், தி. நரசிபுரம் போன்ற வட்டங்களிலும், கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிச் சாறும் உணவாக உள்ள இடங்களிலெல்லாம் இவ்வழக்கத்தை இன்றும் காணலாம். பெரிய முதலீடு எதுவும் இதற்குத் தேவையில்லை. சிந்திய தானியம், கீரைத் தழை, புழு பூச்சி ஆகியவற்றைத் தின்றே இக்கோழிகள் பெரும்பாலும் வளர்ந்துவிடுகின்றன. முட்டை குடும்பத்திற்கு உணவாகிறது; அவசரச் செலவு நேரும்போது ஒரு கோழியை விற்றுக் கைக்குப் பணம் பெறவும் முடிகிறது. ஆகையால் இக்கோழிக் கூட்டம் பல வீடுகளில் இல்லத்தரசியின் சொந்தச் சேமிப்பாகவே விளங்குகிறது.

இக்கூட்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கோழிகள் முதுமை அடைகின்றன, கீரியும் நாயும் சிலவற்றைக் கொண்டு செல்கின்றன, சில விற்கப்படுகின்றன. இவ்விடங்களை நிரப்பப் புதிய கோழிகளை வாங்கிச் சேர்ப்பது அவசியமாகிறது. வாரச் சந்தையில் வாங்கிய கோழியை மாலையில் கொண்டுவந்து பழைய கோழிகளோடு ஒரே கூண்டில் அடைத்துவிடுவதே பலரும் செய்யும் காரியம். மறுநாள் காலையில் புதிய கோழியின் தலையில் இரத்தம் கசிவதைக் கண்டு வருந்துகிறார்கள்.

ஆனால், இவ்விஷயத்தில் உள்ள ஆபத்துகள் இரண்டு. ஒன்று, பழைய கோழி புதியதைக் கொத்துவது. இது கண்ணுக்குத் தெரிவது. மற்றொன்று, புதிய கோழி தன்னுடன் நோயைக் கொண்டுவருவது. இது கண்ணுக்குத் தெரியாதது. முதலாவதால் ஒரு கோழிக்குக் காயம் ஏற்படலாம். இரண்டாவதால் கூட்டம் முழுவதும் ஒரே வாரத்தில் அழிந்துபோகலாம். எனவே முதலில் நோயைத் தடுத்து, அதன் பிறகே கோழிகளைப் பழக்க வேண்டும். இந்த முறையை மாற்றக் கூடாது.

கொத்து வரிசை

கோழிகள் ஏன் புதியவற்றைக் கொத்துகின்றன? இக்கேள்விக்கு முதன்முதலில் விஞ்ஞான முறையில் விடை கண்டவர் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டரூப்-எப்பே என்பவர். சிறுவயதிலிருந்தே கோழிகளை உற்றுக் கவனித்து வந்த அவர், தம் முடிவுகளை 1921, 1922ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஒவ்வொரு கோழிக் கூட்டத்திலும் எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எந்தக் கோழி எதற்கு விலகி வழிவிட வேண்டும் என்பதில் ஒரு திட்டமான ஒழுங்கு உண்டு என்று அவர் காட்டினார். இதுவே கொத்து வரிசை எனப்படுகிறது. முதல் கோழி மற்ற எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதலாவதைத் தவிர ஏனையவற்றைக் கொத்தும். கடைசிக் கோழி எதையும் கொத்தாது. சில சமயங்களில் இவ்வரிசை நேர்கோடாக இராமல், மூன்று கோழிகள் ஒன்றையொன்று சுற்றிக் கொத்தும் முக்கோணமாக அமைவதும் உண்டு.

இவ்வரிசையைக் கொடுமை என்று கருதுவது தவறு. வரிசை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் சண்டைக்கு வேலையே இல்லை. மேல்நிலைக் கோழி தலையைச் சற்று உயர்த்தினாலே போதும், கீழ்நிலைக் கோழி ஒதுங்கிவிடுகிறது. இதற்குக் கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தலையையும், அதிலுள்ள கொண்டை, தாடி ஆகியவற்றையும் பார்த்தே அவை ஒன்றையொன்று அறிகின்றன.

அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான கூல், ஆலீ ஆகிய இருவர் 1944இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. அவர்கள் சில கூட்டங்களை மாற்றமின்றி வைத்திருந்தார்கள். வேறு சில கூட்டங்களில் அடிக்கடி ஒரு கோழியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் புதியது ஒன்றை விட்டு வந்தார்கள். மாற்றமில்லாத கூட்டத்தில் கொத்துதல் குறைந்தது. கோழிகள் நன்றாகத் தின்று, எடை கூடி, அதிக முட்டையிட்டன. ஓயாமல் மாற்றப்பட்ட கூட்டத்திலோ சண்டை மிகுந்து, தீனியும் முட்டையும் குறைந்தன. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், மாதம் ஒன்றாகப் பல முறை கோழி சேர்ப்பதைவிட, ஆண்டில் ஓரிரு முறை சிலவற்றைச் சேர்த்து வாங்குவதே லாபகரமானது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

நம் நாட்டுக் கொல்லைக் கோழிகளின் பெரும் பகை வெள்ளைக்கழிச்சல் நோய். இதற்கு ராணிக்கேத் நோய் என்ற பெயரும் உண்டு. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் தோன்றிய இந்நோய், அதற்குப் பின் விரைவிலேயே இந்தியாவில் குமாவோன் மலைப்பகுதியைச் சேர்ந்த ராணிக்கேத்தில் காணப்பட்டு அவ்வூரின் பெயரைப் பெற்றது. தடுப்பூசி போடப்படாத கூட்டத்தில் இது நுழைந்தால் அநேகமாக ஒரு கோழிகூட மிஞ்சுவதில்லை. கிருமி உடலில் புகுந்து நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு நாள்கள் ஆகும். சில கோழிகளில் 15 நாள்கள்வரையிலும் ஆகலாம். சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. அங்கே நல்ல நிலையில் வாங்கிய கோழி ஏற்கெனவே கிருமியை ஏற்றிருக்கக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

பறவைக் காய்ச்சலும் மைசூருக்குப் புதியதன்று. 1892இல் நிறுவப்பெற்ற மைசூரு விலங்குக் காட்சிச்சாலையில் 2017 ஜனவரியில் சில பறவைகள் இறந்தன. அவற்றில் பறவைக் காய்ச்சல் கிருமி இருப்பது தெரியவந்ததும் காட்சிச்சாலை ஏறத்தாழ ஒரு மாத காலம் மூடப்பட்டது. 2020 மார்ச்சில் நகரின் கும்பாரகொப்பல் பகுதியில் இந்நோய் கோழிகளிடம் உறுதி செய்யப்பட்டு, சுற்றுவட்டாரத்திலிருந்த வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்பட்டன. நோய்வாய்ப்பட்டவை மட்டுமல்ல, நலமாக மேய்ந்துகொண்டிருந்த கொல்லைக் கோழிகளும் இத்தகைய நடவடிக்கையில் போய்விடுகின்றன.

எந்த நல்ல விலங்குக் காட்சிச்சாலையும் புதிதாக வந்த பிராணியை நேரே மற்றவற்றோடு விடுவதில்லை. தனியிடத்தில் வைத்துக் கவனித்த பிறகே சேர்க்கிறது. அங்கே யானைக்கும் புலிக்கும் பொருந்துகிற விதி, கொல்லையில் ஒரு கோழிக்கும் பொருந்தும்.

முதற்படி: தனித்து வைத்தல்

புதிய கோழிகளை 30 நாள்கள் தனியாக வைத்திருப்பது நலம். குறைந்தது 21 நாள்களேனும் வைத்திருக்க வேண்டும். பழைய கூட்டிலிருந்து இயன்ற மட்டும் தூரமாகவும், அங்கிருந்து வீசும் காற்றோ வழிந்தோடும் நீரோ பழைய கோழிகளை அடையாதபடியும் இடத்தைத் தேர்ந்துகொள்க. கொல்லை சிறியதாக உள்ளவர்கள் மாடியிலோ, கோழி வளர்க்காத உறவினர் வீட்டிலோ ஒரு கூண்டை வைக்கலாம்.

தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் தனியே இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் பழைய கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, அதன் பின்னரே புதியவற்றிடம் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவுக. அங்கே அணிந்த செருப்போடு பழைய கூட்டினுள் நுழையலாகாது.

இந்நாள்களில் கோழியின் எச்சம், மூச்சு, நடை, தீனி உண்ணும் அளவு ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், மூக்கில் சளி, மூச்சில் கரகரப்பு, வீங்கிய முகம், கழுத்துத் திருகல் ஆகியவை அபாயக் குறிகள். இறகை விலக்கி, முக்கியமாக ஆசனவாயைச் சுற்றியும் இறக்கையின் கீழும் பேன் உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். செவ்வுண்ணிகள் பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிப்பவை. ஆதலால் விளக்கைக் கொண்டு இரவிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. குடற்புழு மருந்தைக் கால்நடை வைத்தியரின் யோசனைப்படி இக்காலத்திலேயே கொடுத்துவிடலாம்.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சின் முதல் வாரத்தில் ஒரு தடுப்பு மருந்தும், ஏறத்தாழ நான்காம் வாரத்தில் மறுமுறையும், எட்டு வாரமான பிறகு ஊசியும் கொடுப்பது நம் நாட்டில் வழக்கம். 1925இல் மைசூர் அரசு பெங்களூரில் தொடங்கிய சீரம் நிலையம், ஹெப்பாளில் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் நிலையமாக வளர்ந்துள்ளது. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையை அணுகி, புதிய கோழிகளுக்கு மட்டுமன்றிப் பழையவற்றுக்கும் தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. இரண்டு வாரமேனும் செல்ல வேண்டும்.

சில கோழிகள் நோயிலிருந்து மீண்ட பின்னும் வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்துகொண்டு கிருமியைப் பரப்பும். இதற்கு அனுபவசாலிகள் ஓர் உபாயம் கையாள்கிறார்கள். தனித்து வைக்கும் காலத்தின் இறுதியில் பழைய கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கோழியைக் கொண்டுபோய்ப் புதியவற்றுடன் இரண்டு வாரம் விட்டுப் பார்க்கிறார்கள். அது நலமாக இருந்தால் மேற்கொண்டு செல்லலாம். இல்லையேல் இழப்பு ஒரு கோழியோடு நிற்கிறது.

இரண்டாம் படி: கண்ணால் பழகுதல்

நோய் இல்லையெனத் தெளிந்த பிறகே கொத்து வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். புதியவற்றின் கூண்டைப் பழைய கூட்டின் அருகில் கொண்டுவந்து, இடையே கம்பிவலை மட்டும் இருக்கும்படி ஒரு வாரம் அல்லது பத்து நாள்கள் வைக்க வேண்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. வலையின் இருபுறமும் தீனித் தட்டுகளை வைத்தால், பக்கத்தில் நின்று தின்னும் பழக்கம் ஏற்படும்.

மூன்றாம் படி: கலத்தல்

ஒரே ஒரு கோழியை விடுவதைவிட இரண்டு மூன்றைச் சேர்த்து விடுவது மேல். தனிக் கோழியின் மேல் எல்லாக் கோழிகளின் கொத்தும் விழும். பல இருந்தால் அது பகிரப்பட்டுவிடும். கோழிகளுக்கு இருளில் கண் சரியாகத் தெரியாது. ஆகையால் அந்தி மங்கிய பின் புதியவற்றைப் பரணில் மற்றவற்றுக்கு இடையே அமர்த்திவிடுவது பழைய வழக்கம். இதனால் முதல் மோதல் தள்ளிப்போகிறதேயன்றி அறவே நீங்கிவிடுவதில்லை. எனவே மறுநாள் பொழுது புலரும்போது உடனிருந்து கவனித்து, கதவைத் திறந்து எல்லாவற்றையும் விசாலமான வெளியில் மேய விட வேண்டும். பகலில் திறந்த கொல்லையில் கலக்க விடுவதும் நல்ல முறையே.

தீனியும் தண்ணீரும் குறைந்தது இரண்டு இடங்களில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வைக்கப்பட வேண்டும். இல்லையேல் மேல்நிலைக் கோழி ஒன்றே காவல் நின்று புதியவற்றைப் பட்டினி போட்டுவிடும். சாய்த்து வைத்த பலகை, கவிழ்த்த கூடை, செடிப் புதர் ஆகியவை ஓடி ஒளிய உதவும். ஒரு கீரைக் கட்டைக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால் கவனம் அதன்மேல் செல்லும். பரணில் ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் கிடைக்க வேண்டும்.

வயதும் இனமும்

பெங்களூர் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான கிரிராஜா, ஸ்வர்ணதாரா ஆகிய இனங்களும், ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தின் வனராஜா, கிராமப்பிரியா இனங்களும் நாட்டுக்கோழிகளின் நடுவே வளர்க்கப்படுகின்றன. உருவத்தில் பெரிய இனம் எப்போதும் வெல்லும் என்று எண்ண வேண்டாம். சண்டைக் குணமுள்ள நாட்டுப் பெட்டை, தன்னைவிடக் கனத்த கோழியையும் அடக்கிவிடும். ஆயினும் வளராத குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடுவது எப்பொழுதும் ஆபத்தே. உருவத்தில் அவற்றை ஏறக்குறைய ஒத்த பின்னரே, அதாவது மூன்று நான்கு மாதமான பிறகே, சேர்க்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அடைக் கோழி இருக்குமானால், பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இரவில் அதன் அடியில் வைத்துவிடலாம். காலையில் அது அவற்றைத் தன் குஞ்சுகளாகவே ஏற்று, மற்றக் கோழிகள் அண்டாமல் காக்கும். சந்தைக் கோழியைவிடத் தடுப்பு மருந்து பெற்ற பண்ணைக் குஞ்சுகளை இம்முறையில் சேர்ப்பது பாதுகாப்பு மிக்கது. ஆயினும் குஞ்சு தானே ஏற்கப்பட்டதா என்பதை முதல் நாள் கவனிக்க வேண்டும்.

முட்டையிடும் கோழிக்கான தீனியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கலந்து வளர்க்கும்போது எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனியைக் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்தால், முட்டையிடும் கோழிகள் வேண்டிய அளவு தாமே எடுத்துக்கொள்ளும்.

எப்போது தலையிட வேண்டும்?

துரத்துதல், ஓரிரு கொத்து, சிறிது இறகு உதிர்தல் ஆகியவை இயற்கை. ஒவ்வொரு சண்டையையும் விலக்கிக்கொண்டிருந்தால் வரிசை முடிவாகாமல் நீண்டுகொண்டே போகும். ஆனால் இரத்தம் கண்டால் தாமதிக்கக் கூடாது. சிவப்பு நிறம் மற்றக் கோழிகளை ஈர்த்து, அவை கூடிக் கொத்திக் கொன்றுவிடவும் கூடும். காயம்பட்டதைப் பிரித்து, புண்ணைக் கழுவி மருந்திட்டு, ஆறிய பின்னரே மீண்டும் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்க வேண்டும். ஒரே பழைய கோழி மட்டும் விடாமல் தாக்குமானால், அதனைச் சில நாள் வேறிடத்தில் அடைத்துவிடுக. திரும்பி வரும்போது அதன் அதிகாரம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். புதிய கோழி இரைப்பை காலியாகக் கூண்டுக்குத் திரும்புகிறதா என்பதை மாலையில் தடவிப் பார்த்து அறியலாம். பொதுவாகச் சில வாரங்களில் புதிய வரிசை அமைந்துவிடும். முட்டையும் பழைய அளவுக்குத் திரும்பும்.

கோழிகள் திடீரெனப் பலவாக இறந்தால் அவற்றை விற்கவோ, குப்பையில் எறியவோ, வெறுங்கையால் தொடவோ கூடாது. உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை.

மேலே கூறிய ஏற்பாடுகளுக்கு ஆகும் செலவு ஒரு கூண்டும், சில முழம் கம்பிவலையும், ஒன்றரை மாதப் பொறுமையுமே. பல ஆண்டுகளாக ஒரு குடும்பம் பேணிவந்த கோழிக் கூட்டத்தை ஒரு சந்தை நாளின் அவசரத்தால் இழப்பதோடு ஒப்பிட்டால் இச்செலவு மிகச் சிறியது.