தலைகீழாய் நிற்கும் மோப்பப் புரதம்

இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில், கோடையில் வாங்கி வைத்த வாழைப்பழம் சீக்கிரமே கறுத்துவிடும். அப்புறம் பாருங்கள், எங்கிருந்தோ குட்டி ஈக்கள் வந்து மொய்க்கும். 3 மில்லிமீட்டர்கூட வளராத இந்தப் பழ ஈக்கு 'ட்ரோசோபிலா' என்று பெயர். பழம் கனிந்த சேதியை அதற்குச் சொல்வது வாசனைதான்.

அந்த வாசனையை ஈ எப்படி அறிகிறது? நம் நாட்டில் இதைத் தேடிப் புறப்பட்டவர்கள் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஒபைத் சித்திக்கியும் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும். கவட்டைபோல் இரண்டாகப் பிரியும் கண்ணாடிக் குழாயில் ஈக்களை விட்டு, எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தார்கள். சில வாசனைகளை உணர முடியாத ஈக்களைப் பிரித்தெடுத்தார்கள். பிறவியிலேயே மரபணுவில் மாறுதல் கொண்டவை அவை. மோப்பத்துக்கு மரபணுக்கள் வேண்டும் என்பதை 1970களின் இறுதியிலேயே இப்படிக் காட்டியது பெரிய காரியம்.

அந்த மரபணுக்களில் சில, ஈயின் உணர்கொம்பில் உள்ள நரம்புச் செல்களுக்கு மோப்பப் புரதங்களைச் செய்து தருகின்றன. இந்தப் புரதங்கள் 1999இல்தான் அடையாளம் காணப்பட்டன. நீளமான சங்கிலியான இந்தப் புரதம், செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புச் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது. நம் மூக்கில் இருக்கும் மோப்பப் புரதமும் ஏழு முறைதான் ஊடுருவும். அதனால் இரண்டும் ஒரே மாதிரி நிற்கும் என்றே பலரும் நினைத்தார்கள்.

ஒரு துணியும் ஊசிநூலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தொடங்கி ஏழு முறை குத்தினால் ஊசி கீழே முடியும். கீழிருந்து தொடங்கினால் மேலே முடியும். தையல் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் நிற்கும் திசை நேர்மாறு. நம் மூக்கின் புரதத்தில் சங்கிலியின் தொடக்க முனை செல்லுக்கு வெளியே இருக்கிறது, கடைசி முனை உள்ளே. ஈயின் புரதத்திலோ தொடக்க முனை உள்ளே, கடைசி முனை வெளியே! 2006இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பென்டன், லெஸ்லி வாஸ்ஹால் குழு இதை வெளியிட்டபோது, இந்தத் துறையில் இருந்தவர்களே எதிர்பார்க்காத செய்தியாக அது இருந்தது.

இவ்வளவு சின்னப் பொருளின் திசையை எப்படிக் கண்டார்கள்? அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. புரதத்தின் சில பகுதிகளில் செல் சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டுகிறது. செல்லுக்கு வெளியே அமையப்போகும் பகுதியில்தான் ஒட்டும், உள்ளே இருக்கும் பகுதியில் ஒட்டாது. ஆகவே சர்க்கரை ஒட்டக்கூடிய இடங்களைப் புரதத்தில் அங்கங்கே வைத்து, எங்கே ஒட்டியது என்று பார்த்தார்கள். முடிவு அதேதான்: தலைகீழ்.

திசை மாறினால் வேலையும் மாறுமா? ஆம். நம் மூக்கின் புரதம் வாசனை பட்டதும் செல்லுக்குள் இருக்கும் வேறொரு புரதத்தைத் தூண்டுகிறது. சேதி அப்படித்தான் உள்ளே போகிறது. ஈயின் புரதம் 'ஆர்கோ' என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து தானே ஒரு துளையாகிறது. வாசனை பட்டதும் துளை திறக்கும், மின்னூட்டமுள்ள அயனிகள் உள்ளே பாயும், நரம்பு விழித்துக்கொள்ளும். 2008இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. 2018இல் ஆர்கோவின் வடிவமே படமாகக் கிடைத்தது. நான்கு ஆர்கோக்கள் வட்டமாகக் கூடி நிற்க, நடுவில் துளை! அந்தப் படத்துக்குப் பயன்பட்ட ஆர்கோ, அத்தி மரத்தை அண்டி வாழும் ஒரு குளவியுடையது. ஈ, குளவி, கொசு என்று பூச்சிக்குப் பூச்சி ஆர்கோ அதிகம் மாறுவதில்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவிலும் ஆர்கோ உண்டு. அது இல்லாத கொசுக்களை ஆய்வகத்தில் உருவாக்கி 2013இல் சோதித்தார்கள். மனித வாசனையைப் பிற விலங்கின் வாசனையைவிட விரும்பித் தேடும் குணம் அவற்றிடம் இல்லாமல் போயிருந்தது. ஆனாலும் கரியமில வாயு கூடவே இருந்தால் மனிதரைத் தேடி வந்தன. நம் மூச்சில் இருக்கும் அந்த வாயுவை உணர்வது வேறு குடும்பத்துப் புரதங்கள்.