கலத்தினுள்ளே ஓர் என்புக்கூடு

மரஞ்செடிகளுக்கு எலும்பில்லை. தாவரக் கலங்களைச் சூழ்ந்துள்ள உறுதியான சுவரே அவற்றை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றது என்பர். உண்மைதான். ஆயின், அச்சுவரின் நார்களை இன்ன திசையில் இடுக என்று காட்டுவது யாது?

1962 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியலறிஞர் போல் கிறீன், நைத்தெல்லா என்னும் நன்னீர்ப் பாசியின் நீண்ட கலங்களைக் கொல்சிசின் கலந்த நீரில் வளரவிட்டார். இலங்கையில் வேலியோரங்களிற் படரும் கார்த்திகைக் கொடியின் கிழங்கிலே உள்ள கொடிய நஞ்சும் இதுவே. நீளவேண்டிய கலங்கள் பந்துபோற் பருத்தன. வளர்ச்சி நிற்கவில்லை; அதன் திசை மட்டுமே கெட்டது. நஞ்சு எதைக் குலைத்தது?

மறு ஆண்டே விடை கிடைத்தது. இலெட்பெற்றர், போட்டர் என்னும் இருவர், இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு, கலத்தின் மென்சவ்வுக்கு உட்புறமாக நுண்ணிய புரதக் குழாய்கள் வரிசையாய்க் கிடப்பதைக் கண்டனர். ஒரு குழாயின் விட்டம் ஏறத்தாழ 25 நனோமீற்றர். 40,000 குழாய்களை அருகருகே அடுக்கினாலே ஒரு மில்லிமீற்றர் அகலம் வரும். சுவரிலுள்ள செலுலோசு நார்களும் இக்குழாய்களின் போக்கிலேயே அமைந்திருந்தன.

குழாய் உள்ளே, நார் வெளியே, இடையில் மென்சவ்வு. உள்ளிருப்பது வெளியிருப்பதை எவ்வாறு ஆளும்? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காண நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 2006 இல், கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியாகிய அறபிதொப்சிசின் உயிருள்ள கலங்களில் அக்காட்சி கண்கூடாயிற்று. செலுலோசை நூற்கும் நொதியம் மென்சவ்விற் பதிந்திருந்து, குழாயின் வழியே நகர்ந்து செல்கின்றது. தண்டவாளம் வண்டியை இழுப்பதில்லை, வழியைத்தான் வகுக்கின்றது. அதுபோன்றதே இதுவும். நொதியத்தையும் குழாயையும் பிணைக்கும் புரதம் ஒன்று பின்னர் இனங்காணப்பட்டது. அது இல்லாத செடிகளில் கலங்கள் செவ்வனே நீள்வதில்லை.

என்புக்கூட்டின் மற்றோர் உறுப்பு அத்தின் என்னும் மெல்லிழை. கலத்தினுள்ளே பொருள்களைக் கொண்டுசெல்லும் பாதை இது. விலங்குக் கலங்களில் இவ்விழையை மென்சவ்வோடு தொடுக்க உதவும் இன்ரகிரின் என்னும் புரதம் தாவரங்களில் இல்லை. அங்ஙனமாயின் தாவரம் என் செய்யும்? அது வேறு முடிச்சுகளைக் கண்டுகொண்டது. 2012 இல் இங்கிலாந்தின் டறம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர், தாவரங்களுக்கே உரிய 'நெற்' என்னும் புரதக் குடும்பத்தை விவரித்தனர். இப்புரதம் ஒரு முனையால் அத்தின் இழையைப் பற்றிக்கொள்ளும். குடும்பத்திலே ஒவ்வோர் உறுப்பினரும் வெவ்வேறு மென்சவ்வை நாடுகின்றன: ஒன்று கலத்தின் புறமென்சவ்வை, மற்றொன்று கலச்சாறு நிறைந்த புன்வெற்றிடத்தின் சவ்வை, இன்னொன்று உள்ளே பரந்துள்ள சவ்வு வலையை.