சேற்றைத் தொட்டறியும் அலகு

கோடியக்கரைச் சதுப்பில், புல்லும் பூண்டும் இல்லாத வெறுஞ்சேற்றில், ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையில் ஆயிரமாயிரமாய்ப் பறவைகள் கூடுவது எதை உத்தேசித்து என்று திருத்துறைப்பூண்டி அன்பர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். பூநாரையின் செம்மையையும் வலசையின் தூரத்தையும் யாவரும் அறிவர். ஆகையால் அவற்றை விடுத்து, நெடுநாளாக என் மனத்தைக் கவர்ந்துவரும் ஒரு விசித்திரத்தை மட்டும் சொல்கிறேன்.

சைபீரியாவின் வடகோடியிலிருந்து வரும் கொசு உள்ளான், ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள சிறு பறவை. அதன் குட்டை அலகு சேற்றின் மேற்பரப்பில் மேய்கிறது. குதிரைமலைக் கோட்டானோ (ஆந்தையன்று, நீரோரப் பறவை) நீண்டு வளைந்த அலகை ஆழத்தில் செலுத்திப் புழுவை இழுக்கிறது. கண்ணுக்கு எட்டாத அந்த இருட்டில் இரை இருக்குமிடம் எப்படித் தெரிகிறது?

கோடையில் குளம் வற்றும்போது, கலங்கிய சேற்றில் கைவிட்டுத் துழாவி என் பாட்டனார் விரால் பிடிப்பார். அவருக்கு விரலே கண். கோட்டானும் அடங்கிய உள்ளான் குலத்தின் அலகு நுனியிலும் அத்தகைய ஸ்பரிச ஞானம் உண்டு. நுண்ணிய குழிகள் நிறைந்த அந்நுனியை ஈரமணலில் அழுத்தும்போது, மணற்பரல்களுக்கு இடைப்பட்ட நீர் நெருக்குண்டு நகர்கிறது. சிப்பியோ கல்லோ குறுக்கிட்டால் அவ்வழுத்தம் மாறுபடுகிறது. அந்த மாறுபாட்டைக் கொண்டே, தொடாத பொருளையும் பறவை உணர்ந்துவிடுகிறது. நெதர்லாந்தின் தெனிஸ் பியர்ஸ்மாவும் அவர் சகாக்களும் உள்ளான் இனமொன்றைப் பழக்கி, 1998-இல் இதை வெளியிட்டார்கள். மணலுக்குள் புதைத்த கல்லைக்கூட அது கண்டுகொண்டது. உலர்ந்த மணலிலோ அதற்கு ஒன்றும் புலப்படவில்லை. இரை அகப்பட்டபின், சேறு நெருக்கும் நிலையில் வாய் முழுவதையும் திறக்க வேண்டியதில்லை. தட்டானின் சாமணம் போல நுனியை மட்டும் விரித்துக் கவ்வுகிறது.

ஆகவே ஈரம் போனால் அப்பறவைக்குப் பார்வை போனதற்குச் சமம். கோடியக்கரைப் பிரதேசம் 1967-இல் சரணாலயமாயிற்று. 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சுட்டு வீழ்த்துவோரைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனால் நன்னீர் வரவு குறைந்து, உப்பளங்கள் பெருகி, சதுப்பின் தன்மையே மாறிவருவதைத் தடுக்க நாம் என்ன செய்தோம்? விளைச்சல் தராத நிலத்தைத் தரிசென்று தள்ளிப் பழகிய நமக்கு, ஒரு சாண் சேறு எத்தனை ஜீவராசிகளின் பந்தி என்பது இன்னும் மனத்தில் படவில்லை. வாய்க்கால்களைத் தூர்வாரும் பொறுப்புள்ளவர்கள், கழனியோடு இந்தக் கழிமுகத்தையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

சென்ற மாசியில் அங்கே, வெடித்துக் காய்ந்திருந்த ஒரு திட்டில் உள்ளான் ஒன்று ஐந்தாறு இடங்களில் அலகால் குத்திப் பார்த்தது; ஒவ்வொரு முறையும் வெறும் அலகை இழுத்துக்கொண்டு, தொலைவில் நீர் மின்னிய விளிம்பை நோக்கிக் குடுகுடுவென்று ஓடிப்போயிற்று.