அளவுமானி யார் கையில்? – அணு விபத்தும் செய்தி என்னும் புலனும்

வெள்ளம் வந்தால் கண்ணுக்குத் தெரியும். தீப்பிடித்தால் சுடும், புகை மூக்கிலேறும். 1984 டிசம்பரில் போபாலில் வாயு கசிந்த இரவில்கூடக் கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது, மக்கள் எழுந்து ஓடினார்கள். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. உள்ளே புகுந்து வேலையைத் தொடங்கிய பிறகும் உடம்புக்குத் தெரியாது. அணு விபத்து பிற விபத்துகளிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். இங்கே ஆபத்து உணரப்படுவதில்லை, சொல்லப்படுகிறது. ஐம்புலனும் கைவிட்ட இடத்தில் செய்தியே புலனாக வேலை செய்கிறது. செய்தியை வைத்திருப்பவர் நம் உடம்பின் ஒரு பகுதியை வைத்திருக்கிறார் என்றுதானே இதற்கு அர்த்தம்?

ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிக் பெக், செர்னோபில் வெடித்த அதே 1986இல் வெளியிட்ட ‘இடர் சமூகம்’ பற்றிய நூலில் இதைத் தொட்டுக் காட்டினார். நவீன ஆபத்துகளை அறிய அறிவியலின் கருவிகளே புலன்களாக வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. சரி, அந்தக் கருவி யாரிடம் இருக்கிறது? நம்மைப் போன்ற ஒரு நாட்டில் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

2003 ஜனவரி 21. கல்பாக்கத்தில், எரிந்து தீர்ந்த அணு எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலை. ஒரு வால்வு பழுதாகி, கதிரியக்கம் மிகுந்த கழிவு, கதிரியக்கம் குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அந்த இடத்தில் எச்சரிக்கும் மானி இல்லை. ஆறு தொழிலாளர்கள் மாதிரி எடுக்கப் போனார்கள். ஓர் ஆண்டு முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட 30 மில்லிசீவர்ட்டைப் போலப் பல மடங்கு அவர்கள் மீது பாய்ந்தது. விஷயம் பொதுவெளியில் ஒப்புக்கொள்ளப்பட்டது பல மாதங்கள் கழித்து. தொழிலாளர் சங்கம் விடாமல் எழுப்பியதும் அதற்கு ஒரு காரணம். ஆலைக்குள்ளேயே வேலை செய்பவனுக்கும் மானி இல்லாவிட்டால் ‘ஒண்ணும் ஆகலை’ என்பதுதான் உண்மை.

மானி இருந்தும் சொல்லாமல் விட்டால்? 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபில் வெடித்தது. பக்கத்து ஊரான பிரிப்யாத் மக்கள் சுமார் ஒன்றரை நாள் கழித்தே வெளியேற்றப்பட்டார்கள். உலகத்துக்கு முதலில் தெரிந்தது மாஸ்கோவிலிருந்து அல்ல; ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்து மானியிலிருந்து, 28ஆம் தேதி. கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் பேசியது மே 14 அன்று. அதே கோர்பச்சேவும் ராஜீவ் காந்தியும்தான் 1988 நவம்பரில் கூடங்குளத்துக்குக் கையெழுத்திட்டார்கள்.

சோவியத் என்பதால் மறைத்தார்கள், ஜனநாயகத்தில் அப்படி நடக்காது என்று ஒரு பேச்சு உண்டு. 2011 மார்ச் 11க்குப் பிறகு ஃபுகுஷிமாவில் நடந்ததைப் பார்ப்போம். கதிரியக்கக் காற்று எந்தத் திசையில் போகும் என்று கணிக்க ஜப்பான் அரசிடம் ‘ஸ்பீடி’ என்ற கணினி முறை இருந்தது. அதன் கணிப்பு பொதுமக்களுக்கு வந்தது மார்ச் 23இல். அதற்குள் நாமியே நகரத்து மக்கள் பாதுகாப்பு என்று நம்பி வடமேற்கே போய்த் தங்கியிருந்தார்கள். காற்றும் அதே வடமேற்கில்தான் போயிருந்தது. விபத்தின் அளவு முதலில் 4 என்றார்கள், பிறகு 5, ஏப்ரல் 12இல் 7. உலையின் கரு உருகியதை நிறுவனம் ஒப்புக்கொண்டது மே மாதம். ‘உருகல்’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று மேலிருந்தே உத்தரவு போனதற்கு அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2016இல்.

இந்தத் தாமதம் வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. உலையிலிருந்து வெளியேறும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும். ஆனால் அதற்குள் புல்லில் படிந்து, பாலில் இறங்கி, குழந்தையின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்துவிடும். செர்னோபிலைச் சுற்றிய குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றுநோயில் பாலுக்குப் பெரும் பங்கு உண்டு. தடுப்பு எளிது: பாலை நிறுத்த வேண்டும், அயோடின் மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதாவது செய்தி வந்தால்தான் மருந்து மருந்து. பிந்தி வந்த செய்தியோடு வரும் மாத்திரையால் பயனில்லை.

‘அது கடக்கரைக்காரங்க பாடு, நமக்கென்ன?’ என்ற குரல் அய்யலூரில் புதிதல்ல. இங்கிருந்து கூடங்குளம் வான்வழியில் சுமார் 250 கிலோமீட்டர். கல்பாக்கம் 300க்கும் மேல். கூடங்குளத்துக்கான அவசரநிலைத் திட்டம் பேசப்பட்டதும் 16 கிலோமீட்டர் வட்டத்தை வைத்துத்தான். ஆனால் அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊர். ஆடு சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். செர்னோபிலுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், இங்கிலாந்தின் கம்ப்ரியாவிலும் வேல்ஸிலும், 1986 ஜூனில் மலைச் செம்மறிகளை விற்கத் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசித் தடை நீங்கியது 2012இல். களிமண்ணில் சீசியம் கட்டுண்டுவிடும் என்ற கணக்கை வைத்து அதிகாரிகள் பேசினார்கள். அந்த மலையின் புளித்த கரிமண்ணிலோ சீசியம் கட்டுப்படாமல் மீண்டும் மீண்டும் புல்லுக்கு ஏறியது. தங்கள் மலையையும் மேய்ச்சலையும் அறிந்த ஆட்டுக்காரர்களின் அறிவு கணக்கில் எடுக்கப்படவே இல்லை என்று பிரையன் வின் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார்.

நம் சந்தையில் வியாபாரி ஆட்டின் முதுகையும் இடுப்பையும் அமுக்கிப் பார்த்தே கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கையறிவால் சீசியத்தைத் தொட்டறிய முடியாது. அதற்காக அந்த அறிவே வேண்டாம் என்றாகிவிடாது. எந்தக் காட்டில் மேய்ந்த ஆடு, எந்தக் குளத்தில் குடித்த தண்ணீர் என்பதை மானி சொல்லாது, ஆட்டுக்காரர்தான் சொல்வார். இரண்டும் சேர்ந்தால்தான் செய்தி முழுமையாகும்.

உள்நாட்டு ஊர்கள் இந்தக் கதையில் வெறும் பார்வையாளர்களாகவும் இருந்ததில்லை. 2011–12இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம்கூடக் கரண்டு இல்லாமல் கிடந்தோம். பம்புசெட்டு ஓடவில்லை, மில்லில் ஷிப்டு முடங்கியது. அப்போது நமக்குச் சொல்லப்பட்ட கதையாடல் ஒன்றே ஒன்றுதான்: ‘இடிந்தகரைக்காரர்கள் வழிவிட்டால் உங்கள் வீட்டில் விளக்கெரியும்.’ நம் இருட்டு அவர்களுக்கு எதிரான வாதமாக மாற்றப்பட்டது. 2012 செப்டம்பர் 10இல் இடிந்தகரைக் கடற்கரையில் போலீஸ் தாக்கியது. மணப்பாட்டில் ஒரு மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மக்கள் கேட்டவற்றில் முக்கியமானது தகவல். கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தரும்படி மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் சொல்லியும் அணுமின் கழகம் தரவில்லை. அணுசக்தித் தகவல்களை வெளியிடாமல் தடுக்க 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசுக்கு வழி தந்திருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றி, தனியாருக்கும் அணுமின் துறையைத் திறந்தது. இனி வணிக ரகசியம் என்ற இன்னொரு பூட்டும் சேரும்.

நெருக்கடியின்போது செய்தியை எப்படி வாசிப்பது? ‘கவலைப்படும் அளவில் இல்லை’ என்பது செய்தி அல்ல, அது உத்தரவு. எங்கே அளந்தார்கள், எப்போது, எதை – காற்றையா, தண்ணீரையா, பாலையா – யார் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். அலகையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்பதை ‘ஒரு எக்ஸ்ரே அளவுதான்’ என்று ஒப்பிடுவது பழகிப்போன தந்திரம். எக்ஸ்ரே ஒரு தடவை. இது மணிக்கு மணி சேர்வது. எக்ஸ்ரே வெளியிலிருந்து வந்து போவது. மூச்சிலும் சோற்றிலும் போன துகள் உள்ளேயே தங்கிச் சுடுவது. வதந்திக்கும் இந்தக் கேள்விகளையே வைக்க வேண்டும். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் நீரேற்றுக் கூடத்தில் கடல் புகுந்து உலை நிறுத்தப்பட்டபோது, கசிவில்லை என்ற அறிவிப்பு ஒருபுறம், கசிந்துவிட்டது என்ற பேச்சு மறுபுறம். இரண்டில் எதையும் சரிபார்க்க மக்கள் கையில் ஒரு மானி இல்லை. வதந்தி அறியாமையில் பிறப்பதாகச் சொல்லி மக்களைக் கண்டிப்பவர்கள், அறியவிடாதது யார் என்று கேட்பதில்லை.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பானில் ‘சேஃப்காஸ்ட்’ என்ற தன்னார்வக் குழு மக்களிடமே மானிகளைக் கொடுத்துத் தெருத்தெருவாக அளந்து எல்லோரும் பார்க்க வெளியிட்டது. இது எட்டாத தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஊருக்கு ஊர் மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று அளந்து மறுநாள் பேப்பரில் போடுகிறோம். அதுபோல ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு கதிர்வீச்சு மானி, அதைப் படிக்கத் தெரிந்த நாலு பேர், தினமும் எண்ணை எழுதிப்போட ஒரு பலகை வேண்டும். விபத்தில்லாத நாளின் எண் என்னவென்று தெரிந்தால்தானே விபத்து நாளின் எண் நமக்குப் புரியும்? அணு உலை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சேர்ந்தே இதைக் கேட்கலாம். கொடுக்க மறுப்பவர் யார் பக்கம் என்பது அப்போது தெரிந்துவிடும்.